பட்டாபிராமுக்கு வந்த ரஷ்யப் பேய்

என் கல்யாணம் ஒரு பேயால்தான் நடந்தது. இதைச் சொல்ல ஆரம்பித்தால் என் மனைவி தாட்சாயிணி, "வந்தவங்களுக்கு இன்னும் காபிகூட குடுக்கல, அதுக்குள்ள பேயா" என்பாள். சொல்லட்டும். நடந்தது நடந்ததுதான். அதுவும் நம்மூர்ப் புளியமரத்துப் பேய் இல்லை, ரஷ்யாவிலிருந்து தகர டப்பாவில் வந்த பேய்.

அறுபத்தொன்பதாம் வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சைக்கிள் பெடல் செய்கிற ஒரு பட்டறையில் வேலை. வேலையைவிட என் தொண்டைக்குத்தான் மதிப்பு அதிகம். ஆவடியில் கபடிப் போட்டி என்றால் மைக்கில் நான். பட்டாபிராமில் யூனியன் கூட்டம் என்றால் "இதோ வந்துவிட்டார்" சொல்வது நான். மைக் அய்யாசாமி என்றால் நெமிலிச்சேரி வரைக்கும் தெரியும். அந்தத் தொண்டையைப் பார்த்துத்தான் உலகநாதன் என்னைப் பிடித்துப் போட்டார்.

உலகநாதன் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். பட்டாபிராம் காலனியில் குடியிருப்பு. சோவியத் நட்பு மன்றத்தின் பட்டாபிராம் கிளைக்கு அவர்தான் செயலாளர், பொருளாளர், நாற்காலி எடுத்துப் போடுகிறவர் எல்லாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்ந்ததும் காலனி மைதானத்தில் இரண்டு கம்பு நட்டு, வெள்ளைத்துணி கட்டி ரஷ்யப் படம் போடுவார். படத்துக்கு முன்னாலேயே ஆங்கிலத்தில் தட்டச்சு அடித்த தாள்கள் தபாலில் வந்துவிடும். யார் என்ன பேசுகிறார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். நான் அகராதியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி அதைத் தமிழாக்கி வைத்துக்கொள்வேன். படம் ஓடும்போது ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மைக்கில் சொல்வேன்.

படமென்றால் என்ன படம்? அணை கட்டுவார்கள். கோதுமை அறுப்பார்கள். டிராக்டர் ஒரு பக்கத்திலிருந்து வந்து இன்னொரு பக்கம் போகும், பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரும். ஆரம்பத்தில் மைதானம் நிறைந்துதான் இருக்கும். டிராக்டர் மூன்றாவது தடவை திரும்புவதற்குள் பாதிப் பேர் பாயைச் சுருட்டியிருப்பார்கள். மீதிப் பேரில் பாதி தூங்குவார்கள். உலகநாதனுக்கு அது பெரிய மனக்குறை. "நம்ம ஜனங்களுக்கு அறிவு வளர்ச்சிப் படம் புடிக்கல தோழர்" என்று என்னிடம் வருத்தப்படுவார். எனக்கே பிடிக்கவில்லை என்பதை நான் எப்படிச் சொல்வேன், அவர் பெண்ணைத்தான் எனக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

பேசி முடித்தது சரி. ஆனால் கல்யாணம் ஒரு வருஷமாக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

தாட்சாயிணிக்கு ஒரு அக்கா இருந்தாள், ராணி என்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்கழி மாதம் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் இப்படிச் செத்துப்போன பெண்ணை மறந்துவிட மாட்டோம். அவள் பூவாடைக்காரி. வீட்டில் ஒரு கல்யாணம் என்றால், முதலில் அவளை ஏரிக்கரையிலோ கிணற்றடியிலோ போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, குடத்துத் தண்ணீரோடு வீட்டுக்கு அழைத்து வந்து, புதுப் புடவை, பூ, வளையல் வைத்துப் படைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்தக்கால். அந்தப் புடவையைக் கல்யாணப் பெண் கட்டிக்கொள்வாள்.

உலகநாதன் இதற்கு ஒப்பவில்லை. "செத்தா செத்ததுதான். செத்தவங்க எங்கியும் வர மாட்டாங்க. என் ஊட்ல பேய்க்குப் படையல் போட்டுட்டு நாளைக்கு மீட்டிங்ல எந்த மூஞ்ச வச்சிகினு பேசறது?" என்றார். அவர் மனைவி பொன்னியம்மாவும் விடவில்லை. "பத்து மாசம் சுமந்தது நீயா நானா? அவள கூப்புடாம இவ கயுத்துல தாலி ஏறாது" என்றார். இரண்டு பேரும் நல்லவர்கள். நல்லவர்கள் இரண்டு பேர் பிடிவாதம் பிடித்தால் நடுவில் இருப்பவன் கதி அதோகதி.

என் அம்மா கன்னியம்மாவோ பொறுமைக்குப் பேர் போனவள் இல்லை. "தை மாசத்துக்குள்ள முடிக்கலன்னா சொல்லிடு நைனா. பூந்தமல்லில ஒரு பொண்ணு கீது, பாத்துட்டு வந்துட்டேன்" என்றாள். அம்மா சொன்னால் செய்துவிடுவாள்.

தாட்சாயிணி ஆவடிக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போவாள். பட்டாபிராம் பிளாட்பாரத்தில் ரயில் வரும் வரைக்கும் இரண்டு நிமிஷம் எங்களுக்குப் பேச்சு. பேச்சென்றால் அவள் திட்டுவாள், நான் கேட்டுக்கொள்வேன். பூந்தமல்லி விஷயத்தைச் சொன்ன அன்று அவள் திட்டவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ரயில் வந்து ஏறப்போகும்போது, "ஊருக்கெல்லாம் பேசற. எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த பேசி அவர் மனச மாத்த முடியலன்னா, அந்த மைக்க இன்னாத்துக்கு வச்சினுகீற?" என்றாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

உலகநாதனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ரஷ்ய மொழி படித்தவர். வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்ததும் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய் மாலை வகுப்பில் உட்கார்ந்தார். ராணிதான் அவருக்குப் பாடம் ஒப்பிக்கிற பார்ட்னர். அவள் காய்ச்சலில் படுத்ததும் வகுப்பு நின்றது. புத்தகம் பரணுக்குப் போயிற்று. அவரிடம் மிச்சம் இருக்கிற ரஷ்யன், தோழர் என்று பொருள்படும் 'தவாரிஷ்' ஒன்றுதான் என்று காலனியில் கேலி பேசுவார்கள்.

கார்த்திகை மாதத்துப் படம். 'பொன் விளையும் பூமி' என்று தாளில் போட்டிருந்தது. கூட்டுப்பண்ணை, கோதுமை, புது டிராக்டர் நிலையம். வழக்கம்போலத்தான். நான் எல்லாவற்றையும் தமிழாக்கி, அழகாக நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் படப்பெட்டியை எடுத்துவர என் சிநேகிதன் துலுக்கானம் பட்டணத்து ஆபீசுக்குப் போனான். ப்ரொஜெக்டர் ஓட்டுகிறவன் அவன்தான்.

அங்கே என்ன நடந்தது என்று பிறகு சொன்னான். அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டப்பா இருந்ததாம். எழுத்து இரண்டிலும் ரஷ்யன். ஆபீஸ் ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். "ஒண்ணு பளபளன்னு இருந்துச்சு மச்சான். இன்னொண்ணு மேல ஒரே தூசு. பளபளன்னு கீறத எல்லாரும் எடுத்து ஓட்டிக் கிழிச்சி வச்சிருப்பாங்க. தூசு படிஞ்சதுதான் புதுசுன்னு எத்துகினு வந்துட்டேன்." யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயந்தான்.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மைதானத்தில் ஈரம். ஜனங்கள் கோணிப்பை, பாய், பலகை என்று போட்டு உட்கார்ந்திருந்தார்கள். துணிக்குப் பின்பக்கம் எப்போதும்போல ஒரு கூட்டம். முன்வரிசையில் உலகநாதன் நாற்காலி. அவருக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் பொன்னியம்மாவும் தாட்சாயிணியும். மூலையில் முனியம்மா ஆப்பக்கடை போட்டிருந்தாள். முனியம்மா வாய் திறந்தால் மைக் தேவையில்லை.

விளக்கை அணைத்தார்கள். துணியில் ரஷ்ய எழுத்தில் படத்தின் பேர் வந்தது. உலகநாதனின் உதடு மெல்ல அசைந்ததை நான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தலைவலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "இதோ, பொன்னிற வயல்களின் நடுவே..."

வயலைக் காணோம். பனி கொட்டுகிற காடு. இலையில்லாத மரங்கள். கறுப்புக் குதிரைவண்டி ஒன்று சத்தமில்லாமல் வந்தது. தாளைப் பார்த்தேன். "கூட்டுப்பண்ணைத் தலைவர் ஆய்வுக்கு வருகிறார்" என்று இருந்தது. சொன்னேன். வண்டியிலிருந்து உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டும் போட்ட வாலிபன் ஒருவன் இறங்கினான். எதிரில் ஒரு பெரிய பாழ் மாளிகை. ஒரு ஜன்னலில்கூட வெளிச்சம் இல்லை. நான் விடாக்கண்டன். "இந்தப் பழைய ஜமீன் மாளிகையைத்தான் தலைவர் டிராக்டர் நிலையமாக மாற்றப் போகிறார்" என்றேன்.

கதவு தானாகத் திறந்தது. உள்ளே நீளமான நடைவழி. அவன் கையில் ஒரு மெழுகுவர்த்தி. அவனுக்குப் பின்னால் வெள்ளை உடையில் ஒரு பெண் நடந்து போனாள். அவளுக்குப் பின்னால் இருந்த சுவர் அவள் வழியாகத் தெரிந்தது.

கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்: "அய்யாசாமி, அது யாரு?"

தாளில் அடுத்த வரி, 'கோதுமை மகசூல் இவ்வருடம் இரட்டிப்பு.' அதை நான் படிக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

உலகநாதன் மேடைக்கு மேடை சொல்வார்: "சோவியத்தில் பேய் கிடையாது. பதினேழாம் வருஷப் புரட்சியிலேயே விரட்டிவிட்டார்கள்." முனியம்மா அதை ஞாபகம் வைத்திருந்தாள். இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது: "தோழரே, ஒண்ணு தப்பிச்சிகினு கீது பாரு."

மைதானமே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் துணியில் ஓநாய் ஊளையிட்டது. அதற்குப் பதில் சொல்வதுபோல் ரயில்வே லைன் பக்கத்து நாய்கள் எல்லாம் ஊளையிட்டன. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். நம் படங்களில் பேய் வந்தால் தலைவிரி கோலமாக வரும், சலங்கை கட்டிப் பாட்டுப் பாடும். அந்த ரஷ்யாக்காரன் பேயைக் காட்ட அவசரப்படவே இல்லை. கதவு ஒன்றைக் காட்டுவான். அது மெல்லத் திறக்கும். திறந்துகொண்டே இருக்கும். யாரும் வர மாட்டார்கள். அவ்வளவுதான், நமக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுவிடும். பயப்படவும் இடம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் குவார்ட்டர்ஸில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. பேய் வந்தால் நிற்க இடமில்லை, உட்கார்ந்தால் யாராவது காலை மிதித்துவிடுவார்கள். அந்த மாளிகையிலோ பேய்க்கென்று மாடிப்படி, பேய்க்கென்று நிலைக்கண்ணாடி, பேய்க்கென்று ஒரு பியானோ. பார்க்கப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, எங்களுக்குக் கிடைக்காத ஏதோ ஒன்றைச் சும்மா கொடுத்ததுபோல் சந்தோஷமாகவும் இருந்தது.

பக்கத்து ராணுவ சைடிங் தண்டவாளத்தில் அந்த நேரம் பார்த்து ஒரு எஞ்சின் நீராவியை விட்டது. புகை மைதானத்தின் குறுக்கே வந்து ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் நுழைந்தது. அந்த வெள்ளைப் பெண் துணியை விட்டு இறங்கி எங்கள் தலைக்கு மேல் நடந்து வந்தாள். அப்போதும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. துணிக்குப் பின்னால் இருந்தவர்கள்தான் முன்பக்கம் ஓடி வந்தார்கள்.

முதல் ரீல் முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். துலுக்கானம் முகம் வெளுத்து நின்றான். "பேஜாரா பூடிச்சி மாமே. டப்பா மாறிக்கிச்சி." உலகநாதன் எழுந்து எங்களிடம் வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"நிறுத்திடலாமா தோழர்?" என்று துலுக்கானம் கேட்டான்.

உலகநாதன் கூட்டத்தைப் பார்த்தார். மைதானம் நிறைந்திருந்தது. தெருவில் போனவர்களும் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்கள். பிறகு, "ஓட்டு" என்றார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இரண்டாவது ரீல் மாட்டுவதற்குள் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்தது என்றால் உடம்பு முழுக்கப் பரவியது. தாளும் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. துணியில் இருப்பவர்கள் என்ன பேசினார்கள் என்று இந்த மைதானத்தில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். தாட்சாயிணி இருந்த பக்கம் பார்த்தேன். அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து ஒரு கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோதுமைத் தாளை மடித்து ஸ்டூலுக்கு அடியில் போட்டேன்.

"இந்த மாளிகையின் சொந்தக்காரர் ஒரு பெரியவர்" என்று ஆரம்பித்தேன். துணியில் ஒரு தாடிக் கிழவர் இருந்தார், அவரை வைத்துக்கொண்டேன். "அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கல்யாணம் ஆகாமலேயே இறந்துவிட்டாள். இளையவளைக் கட்டிக்கொள்ளத்தான் இந்த வாலிபர் வந்திருக்கிறார்." ட்ரேயில் தேநீர் கொண்டுவந்த பெண்ணை இளையவளாக ஆக்கினேன். அவள் வேலைக்காரியாகவும் இருந்திருக்கலாம். அவள் பாவம், பத்து நிமிஷத்தில் எஜமானி ஆகிவிட்டாள்.

கூட்டத்தின் பயம் அப்படியே வேறு மாதிரி மாறியதை நான் கண்ணாரக் கண்டேன். அதுவரைக்கும் "ஐயோ, வருது" என்றவர்கள், இப்போது "பாவம், யாரும் அவகூட பேச மாட்றாங்க பாரு" என்றார்கள். பேய் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று தலை வாரியபோது, "கல்யாண வயசுப் பொண்ணு, தல வாராம இன்னா பண்ணுவா" என்று ஒரு அம்மா பரிந்து பேசினார். வாலிபன் அவளைப் பார்த்து மயங்கி விழுந்து எழுந்தான். "பேயோட்டத் தொடப்பக்கட்டைய எடுக்காத, அது நம்ம வூட்டுப் பொண்ணு" என்று முனியம்மா அவனுக்கு உத்தரவு போட்டாள். அவளுக்கு ரஷ்யாவும் பட்டாபிராமும் ஒன்றுதான்.

கடைசி ரீலில் அந்தக் காட்சி வந்தது. வெளியே பனி. மாளிகையின் ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண் நிற்கிறாள். உள்ளே கிழவர். அவள் முகம் துணி முழுக்க வந்தது. அழகான முகம். கண்ணை இமைக்காமல் உள்ளே பார்த்தாள். ரஷ்ய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள். இரண்டே வாக்கியம்.

நான் மைக்கை வாயருகே இழுத்தேன். என் குரல் அன்றைக்குப்போல் எப்போதும் வாய்த்ததில்லை.

"அப்பா, தங்கச்சிக்குக் கல்யாணமாமே. என்னைக் கூப்பிட மாட்டாயா? எனக்கு ஒரு புடவை வைக்க மாட்டாயா? நீ கூப்பிட்டால்தானே நான் உள்ளே வர முடியும்?"

இரண்டு வாக்கியத்துக்கு மூன்று கேள்வி கொஞ்சம் அதிகம்தான். யார் கண்டார்கள்? பொன்னியம்மா விம்மினார். அவரைத் தொட்டு வரிசையாகப் பெண்கள் பக்கம் முழுக்க விம்மல் பரவியது. கிழவர் ஜன்னலருகே அசையாமல் நின்றார். முனியம்மா எழுந்தே விட்டாள். "கூப்புடேன்யா பெரிய மனுசா, இன்னா ரோசன?"

கிழவர் கேட்டதுபோல், ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி ஜன்னலில் வைத்தார். ஒரு சால்வையை எடுத்து நாற்காலியின் மேல் போட்டார். மைதானம் கைதட்டிய சத்தத்தில் சைடிங் எஞ்சினின் விசில்கூடக் கேட்கவில்லை. பிறகு பொழுது விடிந்தது, பனியில் காலடித் தடம் மட்டும் இருந்தது, படம் முடிந்தது.

ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் உலகநாதன் கால்மணி நேரம் பேசுவார். அன்று மைக்கை வாங்கி, "எல்லாரும் பாத்துப் போங்க, தரை ஈரமா கீது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் தாட்சாயிணி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள், என் அம்மா இருக்கிறாள் என்ற கூச்சம்கூட இல்லாமல். மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்பா ஒத்துக்கினாரு. ஏரிக்கரைக்குப் போய் அக்காவ அழைக்கலாம்னு அவரே சொன்னாரு. அம்மா அடுப்ப அணைக்காம அழுதுகினு கீது, சோறு தீஞ்சி போச்சி" என்றாள். அம்மா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பூந்தமல்லிப் பெண்ணைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

நான் காலனியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். துலுக்கானத்திடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "கில்லாடிடா மச்சான் நீ. ரஷ்யாக்காரனே சொல்லிட்டான்னு தோழர் கவுந்துட்டாரு" என்றான். யூனியனில் யாரோ உலகநாதனிடம், "இன்னா தோழர், பேய்க்குப் படையலாமே" என்று சீண்டினார்களாம். "பேய்க்கு இல்ல, என் பொண்ணுக்கு" என்றாராம் அவர்.

புடவை எடுக்க என்னைத்தான் ஆவடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்றை எடுத்தார். எடுத்த பிறகும் கடையை விட்டு நகரவில்லை. "கம்பளிச் சால்வை கீதா? நல்ல கனமா" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார். "மெட்ராஸ்ல கம்பளி யாருக்குங்க? ஊட்டிக்குப் போறீங்களா?" கடைக்காரர் உள்ளே போய்ப் பழுப்பு நிறத்தில் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். உலகநாதன் அதை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். பனியில் நின்ற பெண்ணைப் பார்த்து வந்த யோசனை, பாவம், மனிதர் படத்தை முழுசாக நம்பிவிட்டார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

தை மாதம், கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், சாயங்காலம் எல்லாரும் ஏரிக்கரைக்குப் போனோம். பம்பைக்காரர்கள் முன்னால். தலையில் சும்மாடு வைத்துப் பித்தளைக் குடத்தோடு பொன்னியம்மா. பூத்தட்டோடு தாட்சாயிணி. படத்தில் பாதிக் கதையைத் தானே நடத்தியவள்போல் முனியம்மா. கூட்டம் கூடவே வந்தது. பேய்ப் படம் பார்த்த பிறகு காலனியில் யாருக்கும் ராணி அன்னியம் இல்லை.

தண்ணீரில் கால் நனைய நின்று, பெற்ற தகப்பன் மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பம்பை நின்றது. உலகநாதன் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். வாயைத் திறந்தார். எத்தனை மேடையில் முழங்கியவர். ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி முயன்றார். பிறகு கரையைப் பார்த்துத் திரும்பி, கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். நான் தண்ணீரில் இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன்.

என் காதருகே குனிந்தார். "ஜன்னலாண்ட நின்னுகினு அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு, தெரிமா உனக்கு?"

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"நீ மைக்ல சொன்னது ஒண்ணுகூட அது சொல்லல. அந்த வூட்ல ரெண்டு பொண்ணும் இல்ல, கல்யாணமும் இல்ல. பேரு போட்ட ஒடனே எனக்குத் தெரிஞ்சிச்சு இது வேற படம்னு. எனக்கு ரஷ்யன் தெரியும்டா. நான் எதையும் மறக்கல."

தண்ணீருக்குள் போய்விடலாமா என்று இருந்தது. அவர் கோபமாக இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"'குளுருதுப்பா. என் ரூம்ல ஏன் வெளக்கு ஏத்தல?' அவ்ளோதான் அது கேட்டுச்சு." கரைப்பக்கம் பார்த்தார். "ராணியும் கடைசியா அதத்தான் சொன்னா. மூணு போர்வ போத்தியும் 'குளுருதுப்பா'ன்னா. அந்த மூஞ்சப் பாத்ததும் எனக்கு வேற எதுவும் கேக்கல. நீ சொன்னதும் கேக்கல."

கரையில் தாம்பாளத்தில் மஞ்சள் புடவைக்கு மேல் பழுப்புக் கம்பளி மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கெட்டிக்காரன் என்று இரண்டு மாதம் திரிந்தேனே, அந்த வெட்கமும் சேர்ந்துகொண்டது.

"எனக்குக் கொரல் வர்ல மாப்ள" என்றார். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னார். "உனக்கு நல்ல கொரலு. நீ கூப்புடு. ஆனா நான் சொல்றத மட்டும் சொல்லு."

"சரி மாமா" என்றேன்.

அவர் என் காதில் முணுமுணுத்தார். நான் தண்ணீரைப் பார்த்து, மைக் இல்லாமல், அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ராணி."

ஏரியின் அந்தப் பக்கத்தில் கொக்குகள் எழுந்தன.

"ராணி. தங்கச்சிக்குக் கல்யாணம்."

கரையில் தாட்சாயிணி அழுதுகொண்டே சிரித்தாள்.

"ராணி. ஊட்டுக்கு வாம்மா. உனக்குன்னு வெளக்கு ஏத்தி வச்சிகீறேன். இனிமே குளுராது."

பெண்கள் குலவையிட்டார்கள். பம்பை அடித்தது. பொன்னியம்மா குடத்தைத் தண்ணீரில் அமுக்கி நிரப்பினார். உலகநாதன் குனிந்து, தானே அந்தக் குடத்தைத் தூக்கி மனைவியின் தலையில் வைத்தார்.

நூறு ரஷ்யப் படத்துக்கு நான் தமிழ் சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான்.